எடை ஒன்றாயினும் இழை ஒன்றன்று

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும் இடத்தில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். சுற்றிலும் பருத்தியும் சோளமும் கம்பும் குதிரைவாலியும் விளையும் மானாவாரி நிலங்கள்; சற்றே உள்ளே சென்றால் சுந்தரபாண்டியம் முதலிய ஊர்களின் தறியோசை. உழவரும் நெசவாளரும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒருவர் தொழிலை மற்றவர் நன்கறிந்த வட்டாரம் இது.

சில நாட்களுக்கு முன் இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுவினர் நம்முன் ஒரு தீர்மானத்தை வைத்தனர். சங்கத்தின் பெயரால் சத்துமாவு தயாரித்து விற்பது என்றும், பொட்டலத்தின்மேல் 'இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் நார்ச்சத்து நிறைந்தது' என்று அச்சிடுவது என்றும் அதில் எழுதியிருந்தது. மாவு அரைக்கும் இயந்திரம் வாங்க அங்கத்தினரின் பங்குத் தொகையிலிருந்து செலவிட வேண்டும்.

அப்போது அங்கிருந்த முதிய நெசவாளர் ஒருவர் இரண்டு ஓட்ஸ் பொட்டலங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் ஒருமுறை நெஞ்சுவலி கண்டு தேறியவர். மருத்துவர் சொற்படி நாள்தோறும் ஓட்ஸ் கஞ்சி குடிப்பவர்.

"ஐயா, இரண்டிலும் நார்ச்சத்து ஒரே அளவு என்றுதான் போட்டிருக்கிறது. இதைக் காய்ச்சினால் பாவுக்குப் போடுகிற கஞ்சிபோல வழுவழுவென்று வருகிறது. அதுவோ நீர்த்துக் கிடக்கிறது. விலை மட்டும் அதற்குத்தான் அதிகம். இரண்டும் உடம்பில் ஒரே வேலையைச் செய்யுமா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, கேள்வி நியாயமானது. படித்துப் பார்த்துச் சொல்லுகிறோம்" என்று கூறி வந்தோம். படித்தறிந்த அளவில், எடை ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றாக இராது என்பதே விடை. அதன் காரணம் அங்கத்தினர் யாவரும் அறியத்தக்கது. சங்கத்தின் தீர்மானத்தையும் அது தொடுவது.

பருத்தியிலிருந்தே தொடங்குவோம். இரண்டு வண்டிப் பஞ்சு எடையில் சமமாக இருக்கலாம். ஆயினும் விலை சமமாக இராது. இழை நீளத்தைப் பார்த்தே ஆலைக்காரர் விலை பேசுவார். நம் பழைய கருங்கண்ணியின் இழை குட்டையானது. தடித்த நூலுக்கே அது பொருந்தும். கோயம்புத்தூரில் உருவாகி 1974-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சுவின் பருத்தியின் இழையோ ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் நீளமுள்ளது. 100-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நுண்ணிய நூலும் அதில் நூற்கலாம். பால் சங்கத்திலும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. கொழுப்பின் அளவையும் சோதித்தே கொடுக்கிறார்கள். எவ்வளவு என்பதோடு எத்தகையது என்றும் கேட்பது நம் தொழில்களில் பழகிப்போன வழக்கம். தானியத்தின் நார்ச்சத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள கரையும் நார்ச்சத்துக்குப் பீட்டா குளூகான் என்று பெயர். அது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. வியப்பு யாதெனில், பருத்தி இழையாகிய செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிதான். பருத்தியில் மணிகள் யாவும் ஒரே வகைக் கண்ணியால் இணைந்திருப்பதால் சங்கிலிகள் நேராக நின்று, ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்துவிடுகின்றன. ஆகவே வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் அது நீரில் கரைவதில்லை. ஓட்ஸின் சங்கிலியிலோ மூன்று நான்கு மணிகளுக்கு ஒருமுறை வேறுவகைக் கண்ணி ஒன்று வந்து சிறிது வளைத்துவிடுகிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கிப் படிய இயலாமல் நீரை ஏற்றுக் கரைகின்றன. வேட்டிக்கும் ஓட்ஸ் கஞ்சிக்கும் உள்ள உறவு இத்துணை அணுக்கமானது.

இச்சங்கிலி உடம்பில் என்ன செய்கிறது? நம் வயிற்றில் இதை அறுக்கவல்ல நொதி இல்லை. ஆதலால் அது சிறுகுடல்வரை சென்று, அங்குள்ள உணவுக் கூழைப் பாகுபோல் தடிக்கச் செய்கிறது. பாகு தடித்தால் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல மெல்லவே ஏறும். கல்லீரல் சுரந்த பித்த அமிலங்களும் மீண்டும் உறிஞ்சப்படாமல் ஓரளவு கழிந்துவிடும். இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது, இவ்வழியில் எல்.டி.எல். எனப்படும் தீங்கான கொழுப்புக் குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளொன்றுக்கு 3 கிராம் ஓட்ஸ் பீட்டா குளூகான் என்னும் அளவை வைத்து, இதய நலம் பற்றிய வாசகத்தைப் பொட்டலத்தில் அச்சிட 1997-ஆம் ஆண்டில் அனுமதித்தது. பார்லிக்கும் பின்னர் அவ்வனுமதி கிடைத்தது.

ஆனால் பாகு தடிப்பது எடையால் மட்டும் அன்று. சங்கிலியின் நீளத்தாலும் ஆகும். நீண்ட சங்கிலிகள் கரைசலில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குட்டையானவை வழுக்கிச் சென்றுவிடும். பின்னிக்கொள்ளும் அளவுக்கு அடர்ந்த கரைசலில் சங்கிலியின் நீளம் இரட்டித்தால் பாகுத்தன்மை ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்பது இத்தகைய நெடுஞ்சங்கிலிப் பொருள்களுக்குரிய பொது விதி.

இங்கேதான் பெரியவரின் இரண்டு பொட்டலங்களின் மர்மம் அடங்கியிருக்கிறது. பீட்டா குளூகானின் எடையைக் காணும் வழக்கமான சோதனையில், தக்க நொதிகளை ஊற்றிச் சங்கிலியை முழுவதும் தனித்தனிக் குளுக்கோஸ் மணிகளாக அறுத்து, அம்மணிகளை அளந்து கணக்கிடுகிறார்கள். எடை சரியாகத்தான் வரும். ஆனால் அறுக்குமுன் சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தது என்பது அச்சோதனையிலேயே அழிந்துபோகிறது. நூற்கழியைத் துணுக்குத் துணுக்காக நறுக்கித் தராசிலிட்டால் எடை தெரியும். இழை நீளம் தெரியுமா? நீளத்தை அறிய வேறு சோதனைகள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவதாக, மாவிலிருந்து நார்ச்சத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுக்க வேண்டும். மாவில் சங்கிலியை அறுக்கும் நொதிகளும் கூடவே இருப்பதால், கொதிக்கும் ஆல்கஹாலில் மாவைச் சிறிது நேரம் வைத்து அவற்றை முடக்கிவிடுகிறார்கள். பிறகு வெந்நீரில் இட்டு, வெப்பத்தைத் தாங்கும் அமைலேஸ் என்னும் நொதியைச் சேர்த்து மாப்பொருளைச் சிதைத்து நீக்குகிறார்கள். மாப்பொருளும் கஞ்சியைத் தடிக்கச் செய்யுமாதலால் இது இன்றியமையாதது. அடுப்பில் தடிக்கும் கஞ்சியைக் கண்டு மட்டும் நார்ச்சத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கும் இதுவே காரணம். உடம்பில் எவ்வளவு கரையும் என்றறிய வேண்டுமாயின், உடற்சூடான 37 பாகையில் செரிமான நொதிகளைச் சேர்த்து, வயிற்றில் நிகழ்வதைப் போன்றே கரைத்தெடுப்பார்கள்.

இரண்டாவது, ஒழுகு நேரச் சோதனை. மயிரிழை போன்ற நுண்துளையுள்ள கண்ணாடிக் குழாயில் முதலில் நீரையும், பின்பு கரைசலையும் விட்டு, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். கரைசலை மேன்மேலும் நீர்க்கச் செய்து இவ்வாறு பலமுறை அளந்து, கிடைத்த எண்களைச் சூத்திரத்தில் இட்டால் சராசரி நீளம் கிடைக்கும். நெடுஞ்சங்கிலிப் பொருள்களின் ஒழுக்கத்துக்கும் நீளத்துக்கும் தொடர்பு காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1953-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இச்சோதனை நெசவுத் தொழிலுக்கும் அந்நியமானது அன்று. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். அத்தகைய துணியை வெளுக்கும்போது மருந்து மிகுந்துவிட்டால் துணி பார்வைக்கு வெண்மையாக இருக்கும்; எடையும் பெரிதும் குறையாது; இழுத்தால் மட்டும் கிழிந்துவிடும். செல்லுலோஸ் சங்கிலி உள்ளே அறுந்துபோனமையே காரணம். இதைக் கண்டுபிடிக்கத் துணியைத் தாமிரமும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் கரைத்து, அது குழாயில் எவ்வளவு விரைவாக ஒழுகுகிறது என்று துணிச் சோதனைச் சாலைகளில் நெடுங்காலமாகவே பார்த்துவந்திருக்கிறார்கள். விரைந்து ஒழுகினால் சங்கிலி குட்டை. குட்டையானால் துணி பலமற்றது. கஞ்சிக்கும் துணிக்கும் சோதனை ஒன்றே.

மூன்றாவது, குழாயிற் பிரிக்கும் முறை. ஒழுகு நேரம் சராசரியை மட்டுமே சொல்லும். நீளமும் குட்டையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சொல்லாது. அதை அறிய, நுண்துளைகள் நிறைந்த களிமணிகளைக் குழாயில் அடைத்து அதன் வழியே கரைசலைச் செலுத்துகிறார்கள். சல்லடையில் சிறியவை முதலில் விழும். இங்கோ பெரியவையே முதலில் வெளிவரும். ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். அப்பெரிய தேர் எந்தச் சந்திலும் நுழைய முடியாது. ரதவீதி வழியே நேராக நிலைக்கு வந்துவிடும். உடன் வந்த சிறுவர்களோ ஒவ்வொரு சந்திலும் கடையிலும் நுழைந்து புறப்பட்டுக் கடைசியில்தான் வந்து சேருவார்கள். அவ்வாறே பெரிய மூலக்கூறுகள் துளைகளில் நுழைய இயலாமல் முந்தி வருகின்றன. சிறியவை துளைதோறும் நுழைந்து பிந்துகின்றன. எந்த நேரத்தில் எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டால், பஞ்சில் நீள இழை இவ்வளவு, குட்டை இழை இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதைப் போல நார்ச்சத்தையும் பிரித்துச் சொல்லிவிடலாம். களிமணிகளைக் கொண்டு இவ்வாறு பிரிக்கும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் போரத்தும் ஃபுளோடினும் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வெளிவருவது பீட்டா குளூகான்தான் என்று எப்படி அறிவது? அதற்கு உதவுவதும் நம் தொழிலைச் சார்ந்த ஒரு பொருளே. துணிக்கும் காகிதத்துக்கும் வெண்மை ஏற்றப் பயன்பட்ட கால்கோஃப்ளூர் என்னும் சாயம் பீட்டா குளூகானைப் பற்றிக்கொண்டு, புற ஊதா ஒளியில் பளிச்சிடும். தானியப் பீட்டா குளூகானோடு சாயங்கள் கூடும் தன்மையைக் கனடா நாட்டு அறிஞர்கள் பீட்டர் உட், ஃபுல்ச்சர் ஆகியோர் 1978-ஆம் ஆண்டில் எழுதினர். இன்று குழாயின் முடிவில் இச்சாயத்தைக் கலந்து, ஒளியின் அளவைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சி, மூலக்கூறுகள் அதை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்த்து அவற்றின் எடையை நேராகவே காணும் முறையும் உண்டு. பெரிய மூலக்கூறு மிகுதியாகச் சிதறடிக்கும்.

இத்தகைய அளவையின் பயனை மனிதரிடத்திலேயே சோதித்துக் காட்டினர் கனடாவைச் சேர்ந்த தாமஸ் உலவர் குழுவினர். ஒரே வகை ஓட்ஸ் உணவைச் சூட்டினாலும் அழுத்தத்தாலும் வெவ்வேறு அளவில் பதப்படுத்தி, சங்கிலி நீளம் மாறுபட்ட பண்டங்களாக்கி, எல்.டி.எல். கொழுப்பு மிகுந்தவர்களுக்கு 4 வாரம் கொடுத்தனர். மற்றொரு சாராருக்குக் கோதுமை நார் உணவு அளிக்கப்பட்டது. முடிவுகள் 2010-ஆம் ஆண்டில் வெளியாயின. மூலக்கூறு எடை 22,10,000 ஆக இருந்த நார்ச்சத்தை நாள்தோறும் 3 கிராம் உண்டவர்களுக்கு, கோதுமை நார் உண்டவர்களைவிட எல்.டி.எல். 5.5 சதவீதம் குறைந்திருந்தது. 5,30,000 எடையுள்ளதை 3 கிராம் உண்டவர்களுக்கு 4.7 சதவீதம் குறைந்தது. 2,10,000 எடையாகச் சிதைந்ததை 4 கிராம் உண்டும் 2.3 சதவீதமே குறைந்தது. அதிகம் உண்டவர்களுக்குப் பாதிப் பயன்கூட வரவில்லை.

இவ்வெண்களை மணிக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். சங்கிலியில் உள்ள ஒரு குளுக்கோஸ் மணியின் எடை 162. ஆகவே முதலாவது சங்கிலியில் ஏறத்தாழ 13,600 மணிகள். கடைசிச் சங்கிலியில் ஏறத்தாழ 1,300 மணிகள். நீளமானதை முழுக்க இழுத்து நீட்டினாலும், அப்படி 150 சங்கிலிகளைத் தலையோடு தலை சேர்த்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். கண்ணுக்கெட்டாத இந்நீளத்தில்தான் ஒருவருடைய கஞ்சியின் பயன் நிற்கிறது.

சங்கிலியை அறுப்பவை யாவை? மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் பொரித்துப் பிழிவது ஒன்று. கோதுமை மாவோடு பிசைந்து நெடுநேரம் புளிக்கவைப்பது மற்றொன்று. கோதுமை மாவிலுள்ள நொதிகள் ஓட்ஸ் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. தானியத்தை முளைகட்டுவது பிறிதொன்று; முளை தன் உணவுக்காகச் சேமிப்பை அறுத்தெடுப்பது இயல்பேயன்றோ? உருட்டி அவலாக்கிய ஓட்ஸை வீட்டில் நீர்விட்டுக் காய்ச்சுவதால் பெருஞ்சேதம் இல்லை.

இதனால் முளைகட்டுவது தவறு என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1950-ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோர் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் கொண்டு குழந்தை உணவு ஒன்றை அமைத்து 1982-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் சிறப்பே கஞ்சி நீர்த்திருப்பது. முளைப்பில் மாப்பொருள் அறுபடுவதால் அதே கிண்ணக் கஞ்சியில் அதிக மாவைக் கரைக்கலாம். சிறு வயிற்றுக்கு அதிக சத்துக் கிட்டும். குழந்தைக்கு நீர்த்த கஞ்சி நன்று. இரத்தக் கொழுப்புள்ள முதியவருக்குத் தடித்த பாகு நன்று. சேலைக்கு ஒரு நம்பர் நூலும் துண்டுக்கு வேறொரு நம்பர் நூலும் எடுப்பதைப் போன்றது இது.

இனி நம் நிலத்துத் தானியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்ஸையும் பார்லியையும் ஒப்பிட, கம்பு, சோளம், கேழ்வரகு முதலியவற்றில் பீட்டா குளூகான் மிகக் குறைவு. அவற்றின் மாப்பொருளல்லாத நார்ச்சத்தில் அராபினோசைலான் என்னும் வேறொரு சங்கிலி முதன்மையானது. அதே மைசூர் நிலையத்தைச் சேர்ந்த சுப்பா ராவும் முரளிகிருஷ்ணாவும் இண்டாஃப் 15 என்னும் கேழ்வரகை எடுத்து, முளைகட்டுமுன்னும் பின்னும் அதன் நார்ச்சத்து எவ்வாறு மாறுகிறது என ஆராய்ந்து 2001, 2004-ஆம் ஆண்டுகளில் எழுதியுள்ளனர். இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து உண்டாக்கியமையால் வந்த பெயர் இண்டாஃப். நம் தானியங்களுக்கு அவற்றுக்கே உரிய நற்குணங்கள் பல உண்டு. ஆனால் ஓட்ஸைச் சோதித்துக் கண்ட பலனைக் கம்பின்மேல் ஏற்றிச் சொல்வது, சுவின் பஞ்சின் சான்றிதழைக் கருங்கண்ணி மூட்டைமேல் ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

இந்த இடத்தில்தான் சங்கத்தின் தீர்மானத்துக்கு வருகிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள், பொட்டலத்தில் கூறும் வாசகம் உண்மையாகவும் விஞ்ஞானச் சான்றுடனும் இருக்க வேண்டும் என்கின்றன. 'நார்ச்சத்து உள்ளது' என்று போட, கெட்டியான உணவில் 100 கிராமுக்கு 3 கிராமாவது இருக்க வேண்டும். 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போட 6 கிராமாவது வேண்டும். நோயைத் தீர்க்கும் என்பது போன்ற வாசகத்தை நினைத்தபடி அச்சிட இயலாது. சட்டம் கிடக்கட்டும், சங்கத்தின் பெயரை நம்பி வாங்குபவர் நம் அங்கத்தினரே. அப்பொட்டலத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அதன் பழியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு மூன்று யோசனைகளைக் கூறினோம். முதலாவது, மாவை அதன் இயல்பான பெயரால் விற்பது. என்னென்ன தானியம், எந்த விகிதம், முளைகட்டியதா அன்றா என்பதைத் தெளிவாக அச்சிடுவது. இரண்டாவது, நார்ச்சத்தின் எடையை அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் சோதித்து, வந்த எண்ணை மட்டும் போடுவது. மூன்றாவது, கொழுப்பைப் பற்றி வாசகம் வேண்டுமென்று பின்னர் விரும்பினால், எந்த நார் என்பதையும் மூலக்கூறு அளவையும் சோதித்தறிந்து, விதிகள் இடங்கொடுக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவு செய்வது. மைசூர் நிலையமும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இத்துறையில் ஆலோசனை கேட்கத்தக்கவை. ஒழுகு நேரக் குழாயோ கல்லூரி இரசாயனக் கூடங்களில் வழங்கும் எளிய கருவி. 1984-ஆம் ஆண்டில் கிருஷ்ணன்கோவிலில் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய கலசலிங்கம் நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நம் வாயிலிலேயே இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களை அணுகி, ஒழுகு நேரத்தை அளக்கும் விதத்தை நம் இளைஞர் கற்றுக்கொள்ள வழி கேட்பதில் குற்றமில்லை.

குழுவினர் தீர்மானத்தைத் திருத்திக்கொண்டனர். மாவு வரும்; கொழுப்பைப் பற்றிய வாசகம் வராது. ஓர் உறுப்பினர், "வாசகம் இல்லாமல் விற்குமா?" என்று ஐயுற்றார். அம்முதியவரே விடை கூறினார்: "நம் வேட்டியில் 80-ஆம் நம்பர் என்று முத்திரை போட்டால் அது 80-ஆம் நம்பர்தான் என்று ஊர் நம்புகிறது. மாவையும் அப்படியே விற்போம்."

அவருக்கும் நாம் கூற வேண்டியதைக் கூறினோம். மருத்துவர் தந்த மாத்திரையை விடலாகாது. கஞ்சி அதற்குத் துணையேயன்றி மாற்று அன்று. விலை மிகுந்த பொட்டலம் மேலானது என்பதற்கு எண்ணளவில் சான்று எதுவும் அதன்மேல் இல்லை. பொரித்துப் பிழிந்த பண்டங்களைவிட, உருட்டிய ஓட்ஸை வாங்கி வீட்டிலேயே காய்ச்சிக் குடிப்பது சிக்கனமும் பொருத்தமும் ஆகும்.

அங்கத்தினர்கள் இனி ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது எத்தனை கிராம் என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். எந்தத் தானியம், எந்த நார், எவ்வாறு பதப்படுத்தியது என்றும் கேளுங்கள். பஞ்சின் இழையை விரலால் இழுத்துப் பார்த்து வாங்கும் நமக்கு இக்கேள்வி புதிதன்று.